"வரலப்பா" என்று ஒருவர் சொன்னால் எங்கே தேடுவது? அகப்பக்க அணுகல் பிழைகளுக்கு ஒரு வழிமுறை

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் இரண்டு அகப்பக்கங்களை நான் கவனித்துக்கொள்கிறேன். ஒன்று, பட்டணத்தைத் தாண்டி செம்பனைத் தோட்டத்தை ஒட்டியிருக்கும் கோயிலுடையது. அர்ச்சனைக்கும் அன்னதான உபயத்துக்கும் அதில் பெயர் பதியலாம். இன்னொன்று தோட்டத்துப் பிள்ளைகளுக்கான கல்வி உதவிநிதி விண்ணப்பம். இரண்டுமே சின்ன வேலைகள். ஆனால் அவற்றுக்கு வருகிறவர்கள் பலவிதம். பால்மரம் சீவியே விரல் மரத்துப்போன தாத்தா, இனிப்பு நீர் நோயால் பார்வை மங்கிய அக்கா, எனக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்து ஓய்வுபெற்றபின் கண்ணழுத்த நோயால் பார்வையை முழுதும் இழந்த வாத்தியார்.

கோயில் பக்கம் வெளியான முதல் திருவிழாவில் வாத்தியார் போன் செய்தார். "தம்பி, பக்கம் திறக்குது. ஆனா எனக்கு வரலப்பா." பார்வையற்றவர் போன்றோரும் பக்கத்தை அணுக முடியுமா என்று மதிப்பிடும் சோதனைக் கருவி 100க்கு 98 கொடுத்திருந்த நேரம் அது. அவர் வீட்டுக்குப் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டபோதுதான், அந்த "வரல" என்ற ஒரு சொல்லுக்குள் நான்கு தனித்தனிப் பிழைகள் இருப்பது தெரிந்தது. நான்கும் என் பிழைகள். அவரோ தனக்குத்தான் கைப்பேசி பழகவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

அதன் பிறகு குறைகளை ஆட்கள் சொல்லும் வார்த்தையிலேயே எழுதிவைக்கத் தொடங்கினேன். ஒவ்வொரு வார்த்தைக்கும் நிரலில் பெரும்பாலும் ஓர் இடம் இருக்கிறது. கீழே இருப்பது அந்தக் குறிப்பேடுதான். உங்கள் பக்கத்தைப் பற்றி யாராவது குறை சொன்னால், அதற்கு நெருக்கமான தலைப்பிலிருந்து தொடங்குங்கள்.

தேவையானவை மூன்றே. மவுஸ் இல்லாத ஒரு கணினி, அதாவது மவுஸைக் கழற்றி வைத்துவிடுங்கள். விண்டோசில் என்விடிஏ திரைவாசிப்பான், அதாவது திரையில் இருப்பதைக் குரலில் படித்துக்காட்டும் செயலி, அது இலவசம். ஆஸ்திரேலியாவில் பார்வையற்ற இரண்டு நிரலாளர்கள் 2006இல் தொடங்கியது. ஓர் ஆண்ட்ராய்டு கைப்பேசியில் டாக்பேக் என்ற திரைவாசிப்பான். என்விடிஏவின் கருவிகள் பட்டியலில் பேச்சுக் காட்டி என்று ஒரு சாளரம் உண்டு. பேசுவதையெல்லாம் எழுத்திலும் காட்டும். முதல் முறை கேட்பவர்களுக்குக் குரல் வேகமாக ஓடுவதுபோல் இருக்கும், அதனால் அதைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள்.

"ஒண்ணும் பேச மாட்டேங்குது" அல்லது "என்னமோ பாஷையில பேசுது"

தமிழ்ப் பக்கங்களில் முதலில் வரும் குறை இது. ஆங்கிலத்தில் எழுதப்பட்ட வழிகாட்டிகளில் இதற்குக் கிடைக்கும் இடம் மிகக் குறைவு, அதனால் இங்கே கொஞ்சம் நிதானமாகவே சொல்கிறேன்.

முதலில் பிழை கருவியிலா பக்கத்திலா என்று பிரித்துக்கொள்ளுங்கள். அதே கைப்பேசியில் தமிழ் விக்கிப்பீடியாவைத் திறக்கச் சொல்லுங்கள். அங்கேயும் பேசவில்லை என்றால் கருவியில் தமிழ்க் குரல் இல்லை. விண்டோசில் அமைப்புகளுக்குள் பேச்சுப் பகுதியில் தமிழைச் சேர்த்தால் வள்ளுவர் என்ற பெயரில் ஒரு குரல் வரும், மலாய்க்கு ரிஸ்வான். என்விடிஏவோடு கூடவே வரும் ஈஸ்பீக் குரலுக்கும் தமிழ் தெரியும். இயந்திரத்தனமாக இருந்தாலும் படித்துவிடும். ஆண்ட்ராய்டில் எழுத்திலிருந்து பேச்சு என்ற அமைப்புக்குள் போய்த் தமிழ்க் குரலை இறக்கிக்கொள்ள வேண்டும்.

விக்கிப்பீடியா பேசுகிறது, நம் பக்கம் பேசவில்லை என்றால் காரணம் இரண்டில் ஒன்று.

ஒன்று, மொழிக் குறி. பக்கத்தின் தொடக்கத்தில் இருக்கும் எச்டிஎம்எல் குறியில் லேங் என்ற பண்பைப் பாருங்கள். நாம் எடுத்துப் பயன்படுத்தும் வார்ப்புருக்கள் பெரும்பாலும் அதில் இ, என் என்ற ஆங்கிலக் குறியோடு வரும். உள்ளே எழுதியிருப்பது தமிழாக இருந்தாலும் திரைவாசிப்பான் அந்தக் குறியை நம்பி ஆங்கிலக் குரலை எடுத்துக்கொள்ளும். அந்தக் குரலுக்குத் தமிழ் எழுத்து தெரியாவிட்டால் அப்படியே தாண்டிப் போய்விடும். வாத்தியாருக்குப் பக்கம் ஊமையாக இருந்ததற்கு இதுதான் காரணம். இரண்டே எழுத்து: டி, ஏ (ta). மாற்றிய அன்று அவர் வீட்டுத் திண்ணையில் கோயில் பக்கம் முதல் முறையாகப் பேசியது.

நம் ஊர்ப் பக்கங்களில் ஒரே மொழி இருப்பதில்லை. கோயில் அறிவிப்பு தமிழில், நகராண்மைக் கழகத்தின் போக்குவரத்து அறிவிப்பு மலாயில், வங்கி விவரம் ஆங்கிலத்தில். ஒவ்வொரு பத்திக்கும் அதனதன் குறியைத் தனியாகக் கொடுங்கள், மலாய்க்கு எம், எஸ். தமிழ் வாக்கியத்தின் நடுவே வரும் ஒற்றை மலாய்ச் சொல்லுக்குக் குறி போட வேண்டாம். குரல் மாறி மாறி வந்தால் கேட்பவருக்குத் தலைவலிதான் மிஞ்சும். என்விடிஏவின் பேச்சு அமைப்பில், மொழிக்கேற்பக் குரல் மாறட்டும் என்ற தேர்வு இயக்கத்தில் இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது காரணம், பழைய எழுத்துரு. மலேசியத் தமிழர்களுக்குக் கணினித் தமிழ் புதிதல்ல. முத்து நெடுமாறனின் முரசு அஞ்சல் 1985லேயே வந்தது. யூனிகோடு பரவும் முன்பு ஒவ்வொரு எழுத்துருவும் தன் விருப்பப்படி ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்துக்கொண்டது. பாமினி எழுத்துருவில் 'தமிழ்' என்று கண்ணுக்குத் தெரிவது, உள்ளே ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி. திரைவாசிப்பான் படிப்பது உள்ளே இருப்பதை. கோயில் வரலாற்றை ஒரு பெரியவர் பல ஆண்டுகளுக்கு முன் தட்டச்சு செய்து வைத்திருந்தார். அதை அப்படியே எடுத்து ஒட்டினேன். வாத்தியாருக்குக் கேட்டது வெறும் ஆங்கில எழுத்துகளின் ஓட்டம்.

சோதிக்க அரை நிமிடம் போதும். பத்தியை நகலெடுத்து நோட்பேடில் ஒட்டுங்கள். ஆங்கில எழுத்தாக மாறினால் பழைய குறியாக்கம். இணையத்தில் கிடைக்கும் மாற்றிகளைக் கொண்டு யூனிகோடுக்கு மாற்றி, கையோடு ஒரு முறை மெய்ப்பும் பாருங்கள். ஒற்றெழுத்துகளும் கொம்புகளும் இடம் மாறிக் கிடக்கும்.

"பாட்டுதான் கேக்குது"

பக்கம் திறந்ததும் முருகன் பாட்டு தானாக ஓட வேண்டும் என்று கோயில் செயலவையில் கேட்டார்கள், போட்டேன். திரைவாசிப்பானின் குரல் பாட்டுக்குள் மூழ்கிவிட்டது. பாட்டை நிறுத்தும் பட்டன் பக்கத்தின் அடியில் இருந்தது. அங்கே போகக் குரல் வேண்டும், குரலைக் கேட்கவோ பாட்டு விடவில்லை. தானாக ஓடும் ஒலி மூன்று விநாடிக்கு மேல் நீடித்தால் அதை நிறுத்தும் வழி பக்கத்திலேயே இருக்க வேண்டும் என்று அணுகல் விதி சொல்கிறது. என் கருத்து, தானாக ஓடவே வேண்டாம். "பாட்டைக் கேட்க" என்று ஒரு பட்டன் வைத்தால் பக்தியும் குறையாது.

"படம், படம்னே சொல்லுது"

திருவிழா நிகழ்ச்சி நிரலை யாரோ அழகாக வடிவமைத்துப் புலனத்தில் (வாட்ஸ்அப்) அனுப்புவார்கள். நாம் அந்தப் படத்தை அப்படியே பக்கத்தில் போடுவோம். தேர் எத்தனை மணிக்கு, பால்குடம் எங்கிருந்து புறப்படும் என்ற எல்லாம் படத்துக்குள் அடைபட்டுவிடும். படத்துக்கு மாற்றாகப் படிக்கப்படும் ஆல்ட் உரையும் இல்லையென்றால் திரைவாசிப்பான் "படம்" என்று மட்டும் சொல்லும், அல்லது கோப்பின் பெயரில் இருக்கும் நீண்ட எண்ணைப் படிக்கும்.

நிகழ்ச்சி நிரலை ஆல்ட் உரைக்குள் திணிப்பது சரியான தீர்வு ஆகாது. படத்துக்குக் கீழே அதே விவரத்தைச் சாதாரண எழுத்தாக எழுதுங்கள். நேரம், நிகழ்ச்சி என்று இரண்டு நெடுவரிசை உள்ள அட்டவணையாக இருந்தால் இன்னும் நல்லது, தலைப்பு வரிசையை டிஎச் குறியில் போட மறக்க வேண்டாம். அப்புறம் படத்துக்கு "சித்ரா பௌர்ணமி திருவிழா அறிவிப்பு, முழு விவரம் கீழே" என்ற அளவில் ஆல்ட் போதும். எழுத்தாக இருந்தால் வெளியூர்ப் பிள்ளைகள் தேடும்போதும் கிடைக்கும்.

இங்கே ஒரு நுணுக்கம். கோலம், குத்துவிளக்கு போன்ற அலங்காரப் படங்களுக்கு ஆல்ட் பண்பைப் போட்டு உள்ளே ஒன்றும் எழுதாமல் விடுங்கள், திரைவாசிப்பான் அமைதியாகத் தாண்டிவிடும். பண்பையே போடாமல் விட்டால் அது வேறு. அப்போதுதான் கோப்புப் பெயரைப் படிக்கத் தொடங்கும்.

வருடாந்திரக் கணக்கறிக்கையை ஸ்கேன் செய்து பிடிஎஃப் ஆகப் போட்டிருந்தால் அதுவும் இதே நோய்தான். கோப்பைத் திறந்து ஒரு வரியைத் தேர்ந்தெடுத்துப் பாருங்கள். எழுத்தைத் தேர்ந்தெடுக்க முடியவில்லை என்றால் அது வெறும் படம். கிராணியிடம் மூலக்கோப்பைக் கேட்டு வாங்கி அதிலிருந்து பிடிஎஃப் எடுங்கள்.

"நட்சத்திரத்தைத் தேர்ந்தெடுக்க முடியல"

அர்ச்சனைப் படிவத்தில் 27 நட்சத்திரமும் 12 ராசியும் உண்டு. நான் எங்கிருந்தோ எடுத்த அழகான ஒரு தேர்வுப்பெட்டியைப் போட்டிருந்தேன், ஒவ்வொரு நட்சத்திரத்துக்கும் சின்னப் படம்கூட. மவுஸில் அருமையாக ஓடியது. மவுஸைக் கழற்றிவிட்டு டேப் விசையை அழுத்தினால் அந்தப் பெட்டியையே தாண்டிக் கைப்பேசி எண்ணுக்குப் போனது.

காரணம் எளிது. அது தனக்கென்று வேலை எதுவும் இல்லாத டிவ் குறிகளால் கட்டிய பொம்மைப் பெட்டி. டிவ் குறிக்கு ஃபோகஸ் வராது, அதாவது டேப் விசை அங்கே போய் நிற்காது, எண்டர் விசை தெரியாது, தான் யார் என்று திரைவாசிப்பானிடம் சொல்லவும் தெரியாது. இதைச் சரிசெய்ய முதலில் எல்லோரையும்போல நானும் ஏரியா (ARIA) பண்புகளை, அதாவது ஒரு குறி என்னவென்று திரைவாசிப்பானுக்குச் சொல்லும் பண்புகளை, ஒவ்வொன்றாகச் சேர்த்தேன். ரோல் சேர்த்தேன், டேப் வரிசை எண் சேர்த்தேன், அம்பு விசைகளுக்கு ஜாவாஸ்கிரிப்ட் எழுதினேன். கணினியில் ஓடியது, டாக்பேக்கில் பாதி வழியில் நின்றது. ஏரியா என்பது பெயர்ப்பலகை மாதிரி. "இது பட்டன்" என்று சொல்லும், பட்டனின் வேலையைச் செய்யாது. இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு எழுதிய முதல் ஏரியா விதியே, எச்டிஎம்எல்லில் அந்த வேலைக்கான குறி ஏற்கெனவே இருந்தால் அதையே பயன்படுத்து என்பதுதான்.

கடைசியில் எல்லாவற்றையும் அழித்துவிட்டுச் சாதாரண செலக்ட் குறியைப் போட்டேன். அஸ்வினி முதல் ரேவதி வரை 27 வரி. மேல்கீழ் அம்பு வேலை செய்கிறது, கைப்பேசியில் அந்தந்தக் கருவியின் சொந்தப் பட்டியல் திறக்கிறது, திரைவாசிப்பான் "27இல் 4" என்று இடத்தையும் சொல்கிறது. சின்னப் படங்கள் போயின. இதுவரை ஒருவரும் கேட்கவில்லை.

இந்தக் குறைக்கு இன்னும் சில வேர்கள் உண்டு. டேப் விசையோடு பக்கம் முழுக்க ஒரு நடை நடந்து பாருங்கள். டேப் முன்னே, ஷிஃப்ட்டும் டேப்பும் பின்னே, பட்டனுக்கு எண்டரும் ஸ்பேசும், மூடுவதற்கு எஸ்கேப்.

இப்போது எங்கே நிற்கிறோம் என்று கண்ணுக்குத் தெரியவில்லையா? சிஎஸ்எஸ் கோப்பில் அவுட்லைன் நன் (outline: none) என்று தேடுங்கள், யாராவது அழகுக்காக ஃபோகஸ் வளையத்தை எடுத்திருப்பார்கள். அதை நீக்கிவிட்டு ஃபோகஸ் விசிபிளுக்குத் தடித்த ஒரு வளையம் கொடுங்கள். வளையம் இருக்கிறது, ஆனால் மேலே ஒட்டிக்கொண்டு நிற்கும் பட்டைக்கு அடியில் ஒளிந்துகொள்கிறது என்றால், பட்டையின் உயரத்தை ஸ்குரோல் பேடிங் டாப் மதிப்பாகக் கொடுங்கள். இப்படி ஒளிவது கூடாது என்பது 2023 அக்டோபர் 5 அன்று வெளியான டபிள்யூசிஏஜி 2.2 என்ற அணுகல் விதித்தொகுப்பில் புதிதாகச் சேர்ந்த விதி.

நன்கொடை கேட்டு ஒரு பெட்டி திறந்தபின் டேப் அடித்தால் ஃபோகஸ் பின்னாலிருக்கும் பக்கத்தில் சுற்றுகிறதா? பெட்டியை டயலாக் குறியால் கட்டி ஷோமோடல் என்ற செயலால் திறங்கள். ஃபோகஸ் உள்ளே போவது, பின்பக்கம் உறைந்து நிற்பது, எஸ்கேப்பில் மூடுவது எல்லாம் உலாவியே பார்த்துக்கொள்ளும். மூடும் பெருக்கல் குறிக்கு "மூடு" என்ற பெயர் கொடுங்கள், அளவு குறைந்தது 24க்கு 24 பிக்சல். அது விதியின் எல்லை. பால்மரம் சீவிய விரலுக்கு 44 பிக்சலே வசதியாக இருக்கிறது என்பது நான் தாத்தா பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தது.

"அனுப்பிட்டேன், ஒண்ணும் நடக்கல"

உதவிநிதிப் படிவத்தில் இந்தக் குறை வந்தபோது வருத்தமாக இருந்தது. ஏனென்றால் அந்த அம்மா மூன்று நாள் முயன்றுவிட்டு, பிறகுதான் சொன்னார். அதற்குள் கடைசி நாள் நெருங்கிவிட்டது.

நடந்தது இது. பெயர்க் கட்டத்தில் எழுத்தும் இடைவெளியும் மட்டும் வரலாம் என்று சரிபார்ப்பு எழுதியிருந்தேன். நம் பிள்ளைகளின் அடையாள அட்டையில் பெயரோடு மகன், மகள் என்பதைக் குறிக்க ஏ/எல், ஏ/பி என்று சாய்கோடு வருமே! அது வந்ததும் படிவம் மறுத்தது. மறுத்ததை எப்படிச் சொன்னது? கட்டத்தைச் சுற்றி மெல்லிய சிவப்புக் கோடு. அவ்வளவுதான். பார்வை மங்கிய அந்த அம்மாவுக்கு அது தெரியவில்லை. தெரிந்திருந்தாலும் என்ன தவறு என்று புரிந்திருக்காது, ஏனென்றால் அவர் தவறே செய்யவில்லை.

இங்கே பார்க்க வேண்டியவை பல. முதலில் சரிபார்ப்பு விதியே நியாயமானதா? சாய்கோடு, புள்ளி, இணைகோடு, தமிழ் எழுத்து எல்லாவற்றையும் ஏற்றுக்கொள்ளுங்கள். அடையாள அட்டை எண்ணில் 12 இலக்கம், நடுவே கோடு போட்டாலும் போடாவிட்டாலும் வாங்கிக்கொண்டு நாமே நீக்கிக்கொள்ளலாம். அந்தக் கட்டத்துக்கு நம்பர் வகையைப் போடாதீர்கள். 2000 முதல் 2009 வரை பிறந்தவர்களின் எண் பூச்சியத்தில் தொடங்கும், எண்ணாக மாற்றினால் முன்பூச்சியம் பறந்துவிடும். டெக்ஸ்ட் வகை, கூடவே இன்புட்மோட் நியூமரிக். கைப்பேசியில் எண் பலகைதான் திறக்கும்.

அடுத்து, கட்டத்துக்குப் பெயர் இருக்கிறதா? மேலே "மாணவர் பெயர்" என்று கண்ணுக்குத் தெரியலாம். ஆனால் லேபிள் குறியின் ஃபார் பண்பும் கட்டத்தின் ஐடியும் ஒன்றாக இல்லாவிட்டால் திரைவாசிப்பானுக்கு அது பெயரில்லாத கட்டம். "திருத்து, வெற்று" என்ற மாதிரிதான் சொல்லும். சோதிக்க எளிய வழி, மேலிருக்கும் எழுத்தை மவுஸால் தட்டுங்கள். கர்சர் கட்டத்துக்குள் போனால் இணைப்பு இருக்கிறது. கட்டத்துக்குள் மங்கலாகத் தெரியும் பிளேஸ்ஹோல்டர் குறிப்பை லேபிளாக நம்ப வேண்டாம், தட்டச்சு செய்யத் தொடங்கியதும் அது மறைந்துவிடும். பாதியில் போன் வந்து எழுந்து போய்விட்டுத் திரும்புகிறவருக்கு எந்தக் கட்டம் எது என்று தெரியாது.

பிறகு பிழைச் செய்தி. நிறம் மட்டும் போதாது, எழுத்தில் சொல்லுங்கள், என்ன செய்ய வேண்டும் என்று சொல்லுங்கள். "தவறான உள்ளீடு" என்பதைவிட "அடையாள அட்டை எண்ணில் 12 இலக்கம் இருக்க வேண்டும், நீங்கள் கொடுத்தது 11" என்பது உதவும். அந்தச் செய்தியை ஏரியா டிஸ்கிரைப்டுபை மூலம் கட்டத்தோடு கட்டுங்கள், ஏரியா இன்வேலிட் பண்பை ட்ரூ ஆக்குங்கள். அனுப்பு பட்டனை அழுத்தியதும் பிழையுள்ள முதல் கட்டத்துக்கு ஃபோகஸைக் கொண்டுபோங்கள்.

வெற்றியையும் சொல்ல வேண்டும். "விண்ணப்பம் கிடைத்தது" என்பது ஓரத்தில் பச்சையாக வந்து மறைந்தால் வாத்தியாருக்கு அது நடக்கவே இல்லை. அவர் திரும்பத் திரும்ப அனுப்பி ஒரே அர்ச்சனைக்கு நான்கு பதிவு விழுந்தது இப்படித்தான். ஏரியா லைவ் பகுதியில் போட்டால் படித்துக் காட்டும். இதில் பலர் வழுக்குகிற இடம் ஒன்று: அந்தப் பகுதி பக்கம் திறக்கும்போதே வெறுமையாக இருந்திருக்க வேண்டும், செய்தி பின்னர் அதற்குள் வர வேண்டும். பகுதியும் செய்தியும் ஒரே நேரத்தில் முளைத்தால் பல சமயம் பேசாது.

"வெயில்ல தெரியல"

நிறுத்தத்தில் ஈப்போ பேருந்துக்குக் காத்திருக்கிற நேரத்தில்தான் பலர் பக்கத்தைத் திறக்கிறார்கள். நண்பகல் வெயிலில் வெளிர்சாம்பல் எழுத்து இருக்குமிடமே தெரியாது.

விதியில் உள்ள எண்கள்: சாதாரண எழுத்துக்கும் பின்னணிக்கும் ஒளி வேறுபாடு குறைந்தது 4.5:1. எழுத்து 24 பிக்சலோ அதற்கு மேலோ என்றால், அல்லது தடித்த எழுத்தில் ஏறத்தாழ 18.7 பிக்சலோ அதற்கு மேலோ என்றால், 3:1 போதும். வெள்ளைமேல் #767676 சாம்பல் 4.54 வந்து தேறுகிறது. #777777 வெறும் 4.48, நூலிழையில் தவறுகிறது. கண்ணால் இரண்டுக்கும் வித்தியாசம் சொல்ல முடியாது. அதனால் உலாவியின் நிறத்தேர்வியில் எண்ணைப் பாருங்கள்.

கோயில் பக்கம் என்றாலே மஞ்சளும் சிவப்பும் கேட்பார்கள். முழு மஞ்சள் எழுத்து முழுச் சிவப்பின்மேல் வந்தால் 3.7தான் தேறும், சிறிய எழுத்துக்குப் போதாது. சிவப்பைக் குங்கும நிறத்துக்கு, #8B0000 அளவுக்கு, அடர்த்தியாக்கினால் 9ஐத் தாண்டிவிடும். மங்களமும் இருக்கும், படிக்கவும் வரும். வெள்ளைமேல் முழுச் சிவப்பில் எழுதும் "முக்கிய அறிவிப்பு" 4:1தான். அதையும் அடர்த்தியாக்குங்கள்.

"பெருசாக்கினா எழுத்து வெட்டுப்படுது"

அக்கா கைப்பேசியில் எழுத்தளவை மிகப் பெரியதில் வைத்திருக்கிறார். என் பட்டன்களுக்கு நிலையான உயரம் கொடுத்திருந்தேன். ஆங்கில எழுத்துக்குக் கணக்கிட்ட அந்த உயரத்தில் தமிழ் அடங்காது. மேலே இகர விசிறி, கீழே ஊகாரச் சுழி என்று நம் எழுத்து இரண்டு பக்கமும் இடம் கேட்கும். மேல்பகுதி வெட்டுப்பட்டால் 'கி'யும் 'கீ'யும் ஒன்றாகத் தெரியும்.

உயரத்தை நிலையாகக் கொடுக்காமல் குறைந்தபட்ச உயரமாகக் கொடுங்கள். வரியுயரம் 1.2 என்று இருந்தால் 1.6க்கு ஏற்றுங்கள். மிகுதியை மறைக்கும் ஓவர்ஃப்ளோ ஹிடனைத் தேடி எடுங்கள். நம் சொற்கள் நீளம். "விண்ணப்பித்துக்கொள்ளலாம்" சின்னத் திரையில் ஓரத்தைத் தாண்டி ஓடும். ஓவர்ஃப்ளோ ராப் போட்டால் உடைந்து அடுத்த வரிக்கு வரும். இயன்றால் "விண்ணப்பிக்க" என்று சுருக்கிவிடுவது அதைவிட நல்லது.

சோதனை: 1280 பிக்சல் அகலச் சாளரத்தில் கண்ட்ரோலும் கூட்டல் குறியும் அழுத்தி 400 விழுக்காடு வரை பெரிதாக்குங்கள். அது 320 பிக்சல் திரைக்குச் சமம். படிப்பதற்குப் பக்கவாட்டில் உருட்ட வேண்டி வந்தால் பிழை. வியூபோர்ட் வரியில் பெரிதாக்கத் தடை போட்டிருந்தால் இன்றே எடுத்துவிடுங்கள், அதை வைக்கச் சரியான காரணம் ஒன்றையும் நான் இதுவரை கேட்டதில்லை.

"பணம் கட்டுற இடத்துல நின்னு போச்சு"

கியூஆர் படத்தை மட்டும் போட்டிருப்பீர்கள். பக்கம் திறந்திருப்பதும் ஸ்கேன் செய்ய வேண்டியதும் ஒரே கைப்பேசியாக இருந்தால் பார்வை உள்ளவருக்கே சுற்றுவழி. பார்வையற்றவருக்கு அதுவும் இல்லை. டூயிட்நவ் என்ற நம் நாட்டுப் பணப்பரிமாற்ற முறையின் கியூஆர் படத்துக்குக் கீழே வங்கிப் பெயர், கணக்கு எண், கணக்கின் பெயர் மூன்றையும் எழுத்தாகக் கொடுத்து, எண்ணை நகலெடுக்க ஒரு பட்டன் வையுங்கள்.

நேரம் முடிந்து படிவம் வெறுமையாகிவிடுகிறதா என்றும் பாருங்கள். திரைவாசிப்பானோடு நிரப்புகிறவருக்கு நம்மைவிடப் பல மடங்கு நேரமாகும். முடியும் முன் எச்சரித்து, ஒரு விசையில் நீட்டிக்க விடுங்கள்.

"கருவி நல்ல மதிப்பெண் கொடுத்துச்சே"

இது நிரலாளர்கள் பக்கத்துக் குறை. எனக்கும் வந்தது. ஆக்ஸ், வேவ், லைட்ஹவுஸ் மூன்றும் நல்ல கருவிகள், முதலில் ஓட்ட வேண்டியவைதான். அமெரிக்காவின் வெப்எய்ம் அமைப்பு 2019 முதல் ஆண்டுதோறும் பத்து லட்சம் முகப்புப் பக்கங்களைக் கருவியால் சோதிக்கிறது. 2024இல் 95.9 விழுக்காட்டுப் பக்கங்களில் பிழை இருந்தது. கண்டுபிடித்த பிழைகளில் 96 விழுக்காடு ஆறே வகை: மங்கிய எழுத்து, ஆல்ட் இல்லாத படம், லேபிள் இல்லாத கட்டம், வெற்று இணைப்பு, வெற்று பட்டன், மொழிக் குறி இல்லாத பக்கம். இந்த ஆறையும் கருவியே சொல்லிவிடும், அரைநாளில் தீர்த்துவிடலாம்.

ஆனால் மொழிக் குறி இருக்கிறதா என்று கருவி பார்க்கும். உள்ளே தமிழ் இருக்க வெளியே ஆங்கிலம் என்று எழுதியிருப்பது அதற்குத் தெரியாது. என் 98 மதிப்பெண் அங்கிருந்து வந்தது. ஆல்ட் இருக்கிறதா என்று பார்க்கும், தேர்ப் படத்துக்கு "படம்1" என்று எழுதியிருந்தாலும் ஒப்புக்கொள்ளும். பாமினி எழுத்து அதற்கு வெறும் ஆங்கில எழுத்து. அதனால் கருவி ஓடியபின் என்விடிஏவில் எச் விசையை அழுத்தித் தலைப்பு தலைப்பாகத் தாவிப் பாருங்கள், பக்கத்தின் எலும்புக்கூடு காதில் விழ வேண்டும். இன்சர்ட்டும் எஃப்7உம் அழுத்தி இணைப்புப் பட்டியலைத் திறங்கள். "இங்கே அழுத்தவும், இங்கே அழுத்தவும், இங்கே அழுத்தவும்" என்று வந்தால் ஒவ்வொன்றையும் "அன்னதான உபயம் பதிய" என்பதுபோல் மாற்றுங்கள்.

"போன மாசம் நல்லா இருந்துச்சே"

திரும்ப வரும் பிழை. தீபாவளிக்கு முன் முகப்பை மாற்றுவோம், புதிய வார்ப்புரு வரும், மொழிக் குறி மறுபடியும் ஆங்கிலமாகிவிடும். எனக்கு இரண்டு முறை நடந்தது. இப்போது ஆக்ஸ் சோதனையை வெளியீட்டுக்கு முந்தைய தானியங்கிச் சோதனைகளோடு சேர்த்துவிட்டேன், பிழை வந்தால் வெளியீடு நின்றுவிடும். மொழிக் குறி டி, ஏ தானா என்று பார்க்க ஒரு வரிச் சோதனையும் தனியாக உண்டு.

செயலவைக் கூட்டத்தில் ஒருவர், "ஓர் ஆளுக்காக இவ்வளவு வேலையா தம்பி?" என்று உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். 2008ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டம், சட்டம் 685, தகவலையும் தொழில்நுட்பத்தையும் அணுகும் உரிமையைத் தனிப் பிரிவில் சொல்கிறது என்றேன். அதைவிட அவருக்குப் புரிந்தது இன்னொன்று. அவருடைய கைப்பேசியையே வாங்கி எழுத்தளவைப் பெரிதாக்கிக் காட்டினேன். மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் படித்தார்.

பெரிய மாற்றம் எதுவானாலும் வெளியிடும் முன் வாத்தியாருக்கு ஒரு நாள் கொடுக்கிறேன். அவருக்குத் தனியாகச் சோதனைப் பட்டியல் தருவதில்லை, "உத்திர நட்சத்திரத்துக்கு ஓர் அர்ச்சனை பதியுங்கள் சார்" என்று மட்டும் கேட்பேன். எங்கே நின்றார், அந்த இடத்தில் திரைவாசிப்பான் சொன்ன கடைசி வார்த்தை என்ன, எந்த உலாவி, கைப்பேசியா கணினியா, இந்த நான்கையும் அவர் சொல்லச் சொல்லக் குறித்துக்கொள்கிறேன். அந்த நேரத்துக்குக் கோயில் கணக்கிலிருந்து ஒரு தொகையும் அவருக்குப் போகிறது. போன வாரம் அவர் நின்ற இடம் கைப்பேசி எண் கட்டம். அதை இன்னும் சரிசெய்யவில்லை, சனிக்கிழமை அவர் வீட்டுக்குப் போகிறேன்.